நீர் மாதிரிக் கருவிகளுக்கு உலகச் சந்தை பெரிது என்கிறார்கள். பீனியாவில் செய்தால் விற்குமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

பெங்களூரு பீனியாவில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். நீர் மாதிரி எடுக்கும் கருவிகளின் உலகச் சந்தை ஆண்டுதோறும் வளரும் என்றும், ஆசியாவில்தான் வேகம் அதிகம் என்றும் ஒரு சந்தை அறிக்கையின் இலவசச் சுருக்கத்தில் படித்தேன். முழு அறிக்கையின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. தானியங்கி மாதிரிக் கருவியை, அதாவது ஆட்டோ சாம்பிளரைத் திறந்து பார்த்தால் குழாயை நசுக்கி நீரைத் தள்ளும் ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப், ஒரு குளிர்பெட்டி, இருபத்து நான்கு பாட்டில்கள், ஒரு டைமர், அவ்வளவுதான் இருக்கிறது. இதை இங்கேயே செய்து பாதி விலைக்குக் கொடுத்தால் விற்காதா? துறையில் இருக்கும் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

2 மார்ச் 2025, இரவு

விற்காது. செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற உரிமையில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இத்தகைய கருவிகளை விற்பதும் பழுதுபார்ப்பதுமே என் பிழைப்பு. 2011 முதல் 2013 வரை ஜாலஹள்ளி கிராஸ் பக்கம் ஒரு வாடகைக் கொட்டகையில், தம்பி சொல்லும் அதே பம்ப், அதே குளிர்பெட்டி, அதே பாட்டில்களை வைத்து நானும் கருவி செய்தேன். பதினொன்று செய்தேன், ஆறு விற்றன, விற்ற ஆறில் நான்கு திரும்பி வந்தன.

அறிக்கையின் எண்களை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். உலக நாடுகளின் சுங்கத் துறைகள் பயன்படுத்தும் ஆறு இலக்கக் குறியீடுகளில் நீர் மாதிரிக் கருவிக்கென்று தனி எண் கிடையாது. பகுப்பாய்வுக் கருவிகளுக்கான 9027 என்ற தலைப்பில் ஒரு பங்கு போகிறது. பம்புகளுக்கான 8413 இல் ஒரு பங்கு, பிளாஸ்டிக் பாட்டில்களுக்கான 3923 இல் ஒரு பங்கு, ஆய்வகக் கண்ணாடிப் பொருள்களுக்கான 7017 இல் இன்னொரு பங்கு. எல்லையைத் தாண்டும்போது யாரும் தனியாக எண்ணாத ஒன்றை, அறிக்கை எழுதுபவர் மட்டும் தசம புள்ளி வரை எண்ணிவிடுகிறார். கிணற்றில் இறக்கி நீர் மொள்ளும் பெய்லர், கயிறு, ஐஸ் பெட்டி வரை சேர்த்தால் சந்தை யானையாகிறது. ஆட்டோ சாம்பிளர் மட்டும் என்றால் அதே சந்தை ஆட்டுக்குட்டியாகிறது. மாதிரி எடுக்கச் சொல்லும் சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்த ஆட்டுக்குட்டியும் மேய்கிறது.

4 மார்ச் 2025

சட்டம் இல்லாத இடத்தில் சந்தை இல்லை என்பதுதான் என் வாதமா என்று ஓசூர் அன்பர் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய அதுதான். தாகம் எடுத்தவன் தண்ணீரை விலை கொடுத்து வாங்குவான். தண்ணீரின் மாதிரியை ஆசைப்பட்டு எடுப்பவர் யாரும் இல்லை. எடுத்தாக வேண்டும் என்று யாரோ எழுதி வைத்தால்தான் எடுக்கிறார்கள். என்ன எழுதி வைக்கிறார்களோ அதற்கேற்ற கருவி விற்கிறது.

1991 மே மாதம் ஐரோப்பாவில் வந்த நகரக் கழிவுநீர் நெறிமுறை, ஓட்டத்துக்கேற்றோ நேரத்துக்கேற்றோ 24 மணி நேர மாதிரி எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியது. 50,000 பேருக்கு நிகரான சுமையுள்ள நிலையம் என்றால் ஆண்டுக்கு 24 மாதிரிகள். 10,000 முதல் 49,999 வரை என்றால் 12. குளிரிலும் மழையிலும் விடிய விடியக் கால்வாய் ஓரத்தில் குவளையோடு நிற்பதற்கு ஜெர்மனியில் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் அந்தச் சம்பளத்துக்குக் கருவியே மலிவு. அமெரிக்காவில் 1972 இன் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வெளியேற்று உரிமத்திலும் எந்தப் பொருளுக்கு எந்த வகை மாதிரி, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எழுதியிருப்பார்கள். அந்த உரிமத் தாள்களைச் சாப்பிட்டுத்தான் நெப்ராஸ்காவின் இஸ்கோ, கொலராடோவின் ஹாக் என்ற கருவி நிறுவனங்கள் வளர்ந்தன.

நம் ஊர் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 ஆம் ஆண்டினுடையது. அதன் 21 ஆம் பிரிவைத் தம்பி ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். மாதிரி எடுப்பவர் அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆலைப் பொறுப்பாளர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தனித்தனிக் கலன்களில் ஊற்றி, அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்த முறை பிசகினால் அந்தப் பரிசோதனை முடிவு நீதிமன்றத்தில் செல்லாது. ஒரு வழக்கறிஞருக்கு இது அழகான பிரிவு. எனக்கோ இந்தப் பிரிவின் வழியே விற்கக்கூடிய பொருள்கள் வெள்ளைக் கேன், அரக்கு, நூல் ஆகிய மூன்றுதான்.

5 மார்ச் 2025

நேற்று எழுதியதில் ஒரு கூர்மை அதிகம். ஆலைகளுக்கு வாரியம் தரும் இசைவாணைகள் சிலவற்றில் கலவை மாதிரி, அதாவது நாள் முழுவதும் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, என்று எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பொதுக் கழிவுநீர் நிலையங்கள் சிலவற்றில் கருவியும் வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலும் ஒரே வேளையில் முகக்கும் கேன்தான் என்று திருத்திப் படிக்கவும்.

கேன் மாதிரிக்கு உள்ள குறை என்னவென்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுக்க லேப் பையன் மாதத்தின் முதல் வாரத்தில், காலை பதினொரு மணிக்கு வருவான். அதற்கு முந்தைய இரவே கார்பன் ஃபில்டரைத் திருப்பிக் கழுவி, காற்று ஊதியை இடைவிடாமல் ஓடவிட்டிருப்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற நாளின் வீட்டைப் போல அன்றைக்கு மட்டும் தண்ணீர் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். காலை ஏழு மணிக்குப் பெங்களூருவே குளிக்கும்போது அந்தத் தொட்டியில் என்ன வருகிறது என்பதைப் பதினொரு மணிக் கேன் ஒருநாளும் சொல்லாது. நேரத்துக்கேற்ற கலவை மாதிரிகூட முழுதாகச் சொல்லாது. ஏழு மணி வெள்ளத்துக்கும் மூன்று மணிச் சொட்டுக்கும் ஒரே 200 மில்லிலிட்டர் எடுத்தால் காலைச் சுமை இளைத்துவிடும். நீரோட்டத்தை அளக்கும் ஓட்டமானியோடு இணைத்தால்தான் கணக்கு நேர்மையாகும். அதற்கு ஓட்டமானி வேலை செய்ய வேண்டும் என்பது வேறு கதை.

2018 ஜூலையில் கோலாரின் லட்சுமிசாகர ஏரியில் நுரை எழுந்து, பெங்களூருவின் சுத்திகரித்த நீரை அங்கே அனுப்புவதற்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வியும் இதுதான்: யாருடைய கேன், எந்த மணி நேரத்து நீர்?

9 மார்ச் 2025

கருவியை வாங்கியவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஜாலஹள்ளி நண்பர் கேட்டதற்கு ஓர் உண்மைச் சம்பவம். ஊர்ப் பெயரும் ஆலைப் பெயரும் வேண்டாம். ஒரு சாயப்பட்டறைக்குக் குளிர்பெட்டியோடு கூடிய இறக்குமதிக் கருவி ஒன்றை விற்றிருந்தேன். அதன் விலையில் அன்றைக்கு ஒரு சிறிய கார் வாங்கியிருக்கலாம். அமெரிக்க விதிப்படி மாதிரி 4 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால் குளிர்பெட்டி அருமையாக வேலை செய்யும். ஆறு மாதம் கழித்துப் பராமரிப்புக்குப் போய்க் கதவைத் திறந்தேன். இருபத்து நான்கு பாட்டில்களும் சுவர் ஓரம் அட்டைப் பெட்டியில் தூங்கின. உள்ளே தூக்குவாளியில் மோர், ஒரு கட்டு கறிவேப்பிலை, இரண்டு எலுமிச்சம்பழம், யாருடைய குழந்தைக்கோ வாங்கிய காய்ச்சல் மருந்து.

ஆபரேட்டர் சேலத்துக்காரர். கொஞ்சமும் சங்கடப்படாமல், "சார், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடுகிறது, மோர் புளிப்பதே இல்லை, நல்ல மெஷின்" என்று சான்றிதழ் கொடுத்தார். பேட்டரியில் ஓடுவது கட்டுப்பாட்டுப் பெட்டியே தவிரக் குளிர்பெட்டி அல்ல என்பதை அவருக்கு விளக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு அவர்களிடம் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.

10 மார்ச் 2025

திருத்தம். அமெரிக்க விதி இப்போது 4 டிகிரி அல்ல. 6 டிகிரிக்கு மேல் போகாமலும் உறையாமலும் இருந்தால் போதும் என்று 2007 இல் மாற்றிவிட்டார்கள். பழைய கையேட்டின் நினைவில் எழுதிவிட்டேன். மோருக்கு இரண்டுமே சம்மதம்.

16 மார்ச் 2025

மும்பையிலிருந்து ஓர் அம்மையார் என்னைக் கடிந்திருக்கிறார். இந்தியாவில் சட்டமே இல்லை என்பது போல எழுதுவது தவறு என்றும், 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறப்பித்த உத்தரவை மறந்துவிட்டேன் என்றும் சொல்கிறார். மறக்கவில்லை, அம்மா, என் மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த உத்தரவில் வந்தது. அதிகமாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவுநீரை இடைவிடாமல் அளந்து, வாரியத்தின் கணினிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று அது சொன்னது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச்., கழிவு தின்னும் ஆக்சிஜனைக் காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி., நீரில் தொங்கும் திடப்பொருள், ஓட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளுக்கு ஆலை ஆலையாகத் தேவை எழுந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நான் வீட்டில் இரவு உணவு உண்ட நாள்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் அந்த அலை மாதிரிக் கருவியைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். மேற்கே முதலில் கலவை மாதிரி வேரூன்றியது. அதன் தோளில் ஏறித்தான் நேரடி அளவி வந்தது. இங்கே கேனிலிருந்து நேராக நேரடி அளவிக்குப் போனோம். புற ஊதா ஒளியை நீரில் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதிலிருந்து சி.ஓ.டி.யைக் கணக்கிடும் சென்சாருக்கு, அந்த ஆலையின் உண்மையான நீரை லேபில் சோதித்த முடிவுகளைக் காட்டிக் காட்டித்தான் பழக்க வேண்டும். பல நாள்களின் பல வேளைகளின் மாதிரிகள் இல்லாமல் பழக்கிய சென்சார், கிளிப்பிள்ளை போல ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்படி ஒரே எண்ணைச் சொல்லும் சென்சார்களை விரும்பிய வாடிக்கையாளர்களும் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் அம்மையார் சொல்கிறார்: இந்தியாவின் பெரிய கொள்முதல் ஆட்டோ சாம்பிளர் அல்ல, கிராமங்களுக்கான கள ஆய்வுப் பெட்டி. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். கிருமி இருந்தால் கறுத்துப்போகும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி குவாலியரின் பாதுகாப்பு ஆய்வகத்தில் பிறந்தது. அதைப் பற்றிய கட்டுரை 1982 இல் வந்தது. மாதிரிப் பாட்டிலும் சோதனையும் ஒன்றேயாகிவிட்ட அந்தக் குப்பியைப் போல மலிவான, புத்திசாலித்தனமான பொருளை நான் என் இறக்குமதிப் பட்டியல்களில் கண்டதில்லை.

23 மார்ச் 2025

மலிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1948 இல் இங்கிலாந்தில் மூர் என்பவர், டைபாய்டு வகைக் காய்ச்சலைப் பரப்புபவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தேடுவதற்காகச் சாக்கடையில் காயத்துக்குக் கட்டும் துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஓரிரு நாள் ஓடும் நீரில் கிடந்த துணி, ஓடிப்போன கிருமிகளைப் பிடித்து வைத்திருந்தது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, ஆனாலும் அது ஒரு கலவை மாதிரிதான். நான் கொட்டகையில் இரண்டு ஆண்டு பாடுபட்டுச் செய்ததைவிட அது நம்பகமாக வேலை செய்தது என்று என் மனைவி இன்றும் சொல்கிறார்.

மும்பையில் போலியோ வைரஸைத் தேடிச் சாக்கடை மாதிரி எடுப்பது 2001 இலேயே தொடங்கியது; காலை வேளையில் ஒரு லிட்டர் முகந்து எடுப்பார்கள். கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் சாக்கடைப் பக்கம் திரும்பியது. நெதர்லாந்தில் 2020 இன் தொடக்கத்திலேயே கழிவுநீரில் வைரஸின் தடயத்தைக் கண்டார்கள்; அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டு செப்டம்பரில் தேசியக் கண்காணிப்பைத் தொடங்கியது. அப்போது நான் கேட்ட ஒற்றைக் கருவி வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. ஆர்டரை ரத்து செய்யக் கடிதம் எழுதிய மறுநாள் பெட்டி விமான நிலையத்தில் இறங்கியது.

பெங்களூருவிலும் 2022 இல் 28 கழிவுநீர்ப் பகுதிகளில் ஆய்வு நடந்தது. அதற்காக என்னிடமிருந்து ஒரு கருவியும் போகவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பல லட்சம் பேரின் கழிவு ஒன்றாகச் சேரும் இடத்தில் சாக்கடையே கலக்கி வைத்துவிடுகிறது. அங்கே ஒரு குவளை ஓரளவு பேசும். ஒரு விடுதி, ஒரு மருத்துவமனை என்று சிறிய வாய்க்குப் போகப் போகத்தான் நாள் முழுவதும் எடுக்க வேண்டிய அவசியம் வருகிறது.

6 ஏப்ரல் 2025

தம்பி தனி மடலில், "எல்லாவற்றையும் டெஃப்ளானில் செய்துவிட்டால் உலகத் தரம் ஆகிவிடும் அல்லவா?" என்று கேட்டிருக்கிறார். பதில் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாதிரிக் கருவியின் வரலாறே, கருவி தன்னையே நீரில் கலந்துவிட்ட வரலாறுதான். கடலில் ஈயம் எவ்வளவு என்று பல்லாண்டு அளந்தவர்கள், உண்மையில் தங்கள் கப்பலையும் கம்பியையும் பாட்டிலையும் அளந்துகொண்டிருந்தார்கள் என்று கிளேர் பாட்டர்சன் காட்டினார். பூமியின் வயதைக் கணக்கிட்ட அதே பாட்டர்சன்தான். ஆழ்கடல் நீரை மொள்ளும் நிஸ்கின் பாட்டில் 1966 இல் காப்புரிமை பெற்றது. நான்சனின் உலோகக் குப்பிக்குப் பதிலாக வந்த பிளாஸ்டிக் குழாய் அது. இரு பக்க மூடிகளையும் இழுத்து மூட உள்ளே ஒரு ரப்பர் இருக்கும். அந்த ரப்பரே நுண்ணிய மிதவைப் பாசிகளை வாட்டுகிறது என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். அதுவரை வெளிவந்த அளவீடுகள் எத்தனை ரப்பரின் குரலோ.

டெஃப்ளான் இதற்கெல்லாம் மருந்தாக வந்தது. எதனோடும் ஒட்டாது, எதையும் விடாது என்று நானே நூறு பேரிடம் சொல்லி விற்றிருக்கிறேன். இன்றைக்குத் தேடப்படுவதோ டெஃப்ளான் குடும்பத்து வேதிப்பொருள்களையே. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, அந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரண்டும் குடிநீரில் லிட்டருக்குத் தலா 4 நானோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. அதாவது ஒரு லட்சம் கோடியில் நான்கு பங்கு. குடிநீர் அமைப்புகள் 2029 க்குள் இந்த வரம்புக்குள் வர வேண்டும். இந்த மாதிரிக்குப் பாலிபுரொப்பிலீன் பாட்டில்தான். டெஃப்ளான் குழாய், டெஃப்ளான் பூசிய மூடி எல்லாம் விலக்கு. மழைக்கோட்டு, புதுத்துணி, துணியை மென்மையாக்கும் திரவம், முகப்பூச்சு, வெயில் களிம்பு ஆகியவற்றோடு களத்துக்கு வரக் கூடாது என்றும் கையேடுகள் எச்சரிக்கின்றன. உலகச் சந்தையில் இப்போது சூடாக இருப்பது இந்தப் பகுதி. அங்கே விற்பது பெரும்பாலும் இயந்திரம் அல்ல. இன்ன தொகுதிப் பாட்டில் சோதித்துத் தூய்மை உறுதி செய்யப்பட்டது என்ற ஒரு தாள்.

7 ஏப்ரல் 2025

விபூதியைப் பற்றிக் கையேடு என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பூசிக்கொண்டு போகலாம், பாட்டிலுக்குள் உதிராமல் குனியவும்.

20 ஏப்ரல் 2025

இந்த இழையின் முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். என் கருவி விற்காததற்குச் சட்டத்தையும் சந்தையையும் மட்டும் காரணம் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. அது பாதி உண்மை. திரும்பி வந்த நான்கு கருவிகளும் நியாயமாகத்தான் திரும்பி வந்தன.

பெரிஸ்டால்டிக் பம்ப் என்பது உருளைகள் ஒரு சிலிக்கோன் குழாயை நசுக்கி நசுக்கி நீரைத் தள்ளுவது. என் கருவி உருளையின் சுற்றுகளை எண்ணி, இத்தனை சுற்றுக்கு 200 மில்லிலிட்டர் என்று கணக்குப் போட்டது. கொட்டகையில் வாளியிலிருந்து எடுக்கும்போது 200 என்றால் 200 வந்தது. ஆலையில் தொட்டியின் மட்டம் மதியம் இறங்கும்; இறங்கினால் உறிஞ்ச வேண்டிய உயரம் கூடும்; உயரம் கூடினால் அதே சுற்றுக்கு வரும் நீர் குறையும். 170, 160 என்று தேய்ந்து, சாயங்காலம் தொட்டி நிரம்பியதும் மறுபடி 200. அதாவது தொட்டியில் நீர் இறங்கிய மணி நேரத்தில் மாதிரியையும் குறைவாக எடுத்தது. நல்ல கருவிகளில் பம்புக்கு முன்னால் ஒரு நீருணர்வி இருக்கும். நீர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். அந்தச் சிறு பாகத்தை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்தது உயரம். வெளிநாட்டு விவரத் தாள்களில் உறிஞ்சு உயரம் எட்டு மீட்டருக்கு மேல் என்று பார்த்து நானும் எட்டு என்று அச்சடித்தேன். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் நீரைத் தாங்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே அது 9.2 மீட்டர்தான். தொடங்கும்போதே ஒரு மீட்டரை இழந்துவிட்டோம். சென்னையில் ஓடிய கருவி இங்கே எட்டு மீட்டர் குழியில் மூச்சுத் திணறியது. நீர் மேலேறினாலும் மெதுவாக ஏறினால் மண்ணும் கசடும் குழாயிலேயே தங்கிவிடும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று அமெரிக்கக் கையேடுகள் சொல்வதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பாட்டில்களில் நீர் தெளிவாக இருந்ததைப் பார்த்து வாடிக்கையாளர் முதலில் மகிழ்ந்தார், பிறகு கண்டுபிடித்தார்.

ஆக, தம்பிக்கு நான் சொன்ன "விற்காது" என்பதில் ஒரு பங்கு என் சொந்தக் காயம். கழித்துக்கொண்டு படிக்கவும்.

27 ஏப்ரல் 2025

சரி, பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு. என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன்: பம்ப் குழாய், உறிஞ்சும் முனையில் கட்டும் ஸ்ட்ரெயினர் (வடிகட்டி), பாட்டில், பாட்டிலுக்கு நீரைப் பங்கிடும் கை, பேட்டரி, அளவுதிருத்தப் பயணம். கருவி ஒரு முறை விற்கிறது. சிலிக்கோன் குழாய் தேயத் தேய விற்கிறது. ஒரு நகராட்சி நிலையத்தில் அசல் குழாயின் விலையைக் கேட்டு மிரண்டு, சிவாஜிநகரில் மீன்தொட்டிக் கடையில் மீட்டர் கணக்கில் குழாய் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். ஒரு வாரத்தில் பிளந்து, கழிவுநீர் மின்பலகையில் தெளித்தது. சுவர்த் தடிமனும் கடினமும் சிறிது மாறினாலும் உருளை நசுக்கும் அளவு மாறிவிடும். இது பம்ப் பாகம் செய்யும் தம்பிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களை வாங்கியவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஹாக் 1947 இல் அயோவாவில் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கியது. 1999 இல் டனஹர் என்ற பெருநிறுவனம் வாங்கியது. 2023 இல் அதை வெரால்டோ என்ற புது நிறுவனத்தின் கீழ் தனியாகப் பிரித்தது. இஸ்கோவை 2004 இல் டெலிடைன் எடுத்துக்கொண்டது. நீர் அளவிகள் செய்யும் ஒய்.எஸ்.ஐ. 2011 இல் ஐ.டி.டி.யிடம் போய், அதே ஆண்டு சைலமின் கீழ் வந்தது. கையில் பணமுள்ளவர்கள் ஒரு குளிர்பெட்டிக்காக இவ்வளவு தூரம் வருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு தவறாமல் வரும் குழாய், ரசாயனம், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றுக்காக வருகிறார்கள்.

அரசு டெண்டரைப் பற்றி எழுதுமாறு இருவர் கேட்டார்கள். குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் கிடைக்கும். அடுத்த ஐந்தாண்டுக் குழாய்ச் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு மேல் எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும்.

17 மே 2025

ஏப்ரல் 6 குறிப்பில் 2029 என்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. இந்த வாரம் அமெரிக்க முகமை அந்த இரண்டு பொருள்களின் வரம்பை வைத்துக்கொண்டு, கெடுவை 2031 வரை நீட்டப் போவதாகவும், உடன் வைத்த வேறு சிலவற்றின் வரம்புகளைத் திரும்பப் பெறப் போவதாகவும் அறிவித்திருக்கிறது. சந்தை சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று மார்ச்சில் சொன்னேன்; வால் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. அதே வேளையில் ஐரோப்பாவில் 1991 நெறிமுறைக்குப் பதிலாக வந்த புதிய கழிவுநீர் நெறிமுறை 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. 1,50,000 பேருக்கு மேற்பட்ட சுமையுள்ள நிலையங்களில் மருந்து எச்சங்களை நீக்க நான்காம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கெடு 2045 வரை படிப்படியாக விரிகிறது. ஒரு கண்டத்தில் வற்றினால் இன்னொன்றில் ஊறுகிறது.

20 மே 2025

நேற்றைய மழையில் எங்கள் தெருவில் இரு சக்கர வண்டிகள் மிதந்தன. மன்னிக்கவும், என் வண்டி மிதக்கக்கூட இல்லை, மூழ்கியது. ஆனால் இந்த இழைக்குச் சம்பந்தம் உண்டு. மழைநீர்க் கால்வாயில் மட்ட உணர்வியோடு ஒரு கருவியைச் சோதனைக்கு வைத்திருந்தேன். நீர் மட்டம் ஏறியதும் தானே விழித்து, முதல் அரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டில் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வெள்ளம்தான் தெருவின் எண்ணெயையும் டயர்த் தூளையும் அடித்துக்கொண்டு வரும். ஆள் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அது பெள்ளந்தூர் ஏரிக்குப் போயிருக்கும். காலையில் போய்ப் பார்த்தேன். ஆறு பாட்டில்கள் சரியாக நிரம்பியிருந்தன. முதலாவது தேயிலைக் கஷாயம் போல், ஆறாவது வெறும் செம்மண் நீர். இப்படியொரு வரிசையை எந்தக் கேனும் எனக்குத் தந்ததில்லை. கருவியைத் திட்டியே மூன்று மாதம் எழுதியவன், இன்று அதன் முன்னால் சிறிது நேரம் நின்றேன்.

1 ஜூன் 2025

தம்பி மனத்தை மாற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். முழுக் கருவி வேண்டாம். பம்ப் தலை, உருளை, பங்கிடும் கை, துருப்பிடிக்காத எஃகில் ஸ்ட்ரெயினர் ஆகியவற்றை மட்டும் செய்து, நாட்டில் ஏற்கெனவே முடங்கிக் கிடக்கும் இறக்குமதிக் கருவிகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இதற்கு நான் "விற்காது" என்று சொல்ல மாட்டேன். எத்தனை விற்கும் என்றும் சொல்ல மாட்டேன். என் பழுதுப் பதிவேட்டில் முடங்கிய கருவிகளில் பெரும்பாலானவை நின்றது இந்த நான்கு பாகங்களுக்காகத்தான்.

கழிவுச் சந்தையில் பழைய கருவி ஒன்றை எடை போட்டு வாங்கி வைத்திருக்கிறாராம். அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு காலை கொட்டகைக்கு வரலாம். கொட்டகை இப்போது வேறொருவருடையது, சாவி மட்டும் என்னிடம் உண்டு. உள்ளே இருக்கும் பழைய குழாயை அழுக்கு என்று பிடுங்கி எறியாமல் அப்படியே கொண்டுவர வேண்டும். உருளை எந்த இடத்தில் எவ்வளவு நசுக்கியது என்று அதில் பதிந்திருக்கும். அளவெடுக்க வேறு வரைபடம் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.